இரட்டைக் கோடு

பிள்ளை தங்கியிருக்கிறது என்று உறுதியான கிழமை, கிளினிக்கில் கொடுத்த படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீங்களும் பிள்ளையின் தகப்பனும் இரத்த உறவா? நிரூபா 'இல்லை' என்ற பெட்டிக்குள் சரி போட்டாள். பக்கத்துக் கதிரையில் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்த வாகீசன் அதைக் காணவுமில்லை.

வாகீசன் அவளுடைய சொந்த மச்சான். அம்மாவின் தமையன் மகேஸ்வரன் மாமாவின் ஒரே மகன். தமிழில் இதில் மறைக்க ஒன்றுமில்லை. கலியாணத்துக்கு வந்த ஐந்நூறு பேரும் "உரிமையுள்ள இடத்தில கட்டியிருக்கிறாள்" என்று வாயார வாழ்த்திவிட்டுத்தான் போனார்கள். சிக்கல் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த மொழியில் மச்சானுக்கும் பெரியம்மாவின் மகனுக்கும் ஒரே சொல். நான்கு வயதில் ஸ்காபரோவுக்கு வந்து இங்கேயே படித்து வளர்ந்தவளுக்கு, அந்தச் சொல்லைக் கேட்டால் மற்றவர்களின் முகம் எப்படி மாறும் என்று தெரியும். ஒருநாள் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில், ஐரோப்பிய அரச குடும்பங்களின் கலியாணங்களைப் பற்றி ஏதோ ஒரு நிகழ்ச்சி ரீவியில் ஓடியது. கூட வேலை செய்கிற ஒருத்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சொந்தத்துக்குள்ளேயே படுத்து எழும்பியிருக்கிறார்கள், சீ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நிரூபாவும் சிரித்தாள். அன்றிலிருந்து வேலையிடத்தில் வாகீசன் 'குடும்ப நண்பரின் மகன்' ஆனான்.

அவளுடைய வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பு. வருத்தக்காரர் சொல்வதை ஆங்கிலத்திலும் டொக்டர்மார் சொல்வதைத் தமிழிலும் சொல்லவேண்டும். ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது, தன் கருத்தைச் சொல்லக்கூடாது. ஒன்பது வருடத்தில் புற்றுநோய் என்றும் சொல்லியிருக்கிறாள், இதயம் நின்றுவிட்டது என்றும் சொல்லியிருக்கிறாள். குரல் தளும்பியதில்லை.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மரபணுப் பிரிவுக்கு வரச்சொல்லி அவளுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பிரிவின் பெயரை இரண்டு தரம் வாசித்தாள். பன்னிரண்டாவது கிழமை. வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை. குளிர்க்கோட்டைக் கழற்றாமலே லிஃப்டில் ஏறினாள்.

அறைக்குள் ஒரு இளம் சோடி இருந்தார்கள். வெங்கட் அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. முப்பத்துநான்கு வயது. அவன் மனைவி ஹரிப்ரியாவுக்கு இருபத்துநான்கு. திண்டுக்கல் பக்கம். வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. அவளும் மூன்று மாதம். எதிரே இருந்தவள் ஏஞ்சலா. பரம்பரை வருத்தங்களைப் பற்றிக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்பவள். நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் வைத்திருந்தாள்.

"மாமா, நீங்களே சொல்லுங்க" என்றாள் ஹரிப்ரியா கணவனைப் பார்த்து.

நிரூபாவின் ஊரில் அந்தச் சொல் கணவனுக்கு இல்லை. ஒரு கணம் தடுமாறினாள். ஆனால் இங்கே அது கணவன், தாய்மாமன் இரண்டுமாக இருந்தது. வெங்கட்டின் சொந்த அக்காவின் மகள்தான் ஹரிப்ரியா.

ஏஞ்சலா கீறத் தொடங்கினாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. வெங்கட்டையும் ஹரிப்ரியாவையும் இணைக்கிற இடத்தில் மட்டும் பென்சில் இரண்டு தரம் போய்வந்தது. "உறவுக்குள் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு" என்றாள். நிரூபா அதைத் தமிழில் சொன்னாள். தன் தாளில் அந்த இரட்டைக் கோடு எங்கே விழும் என்று மனம் தன்பாட்டில் தேடியது.

வெங்கட் அதுவரை அடக்கி வைத்திருந்ததுபோல் சட்டென்று ஃபோனை எடுத்து மேசையில் வைத்தான். ஒரு பழைய ஓவியம். கறுப்பு உடுப்புப் போட்ட அரசன். வெளிறிய முகம், நீண்டு முன்னே தள்ளிய தாடை, தொங்கிய கீழுதடு.

"மேடம், இவரு ஸ்பெயின் ராஜாவாம். இவங்கப்பாவும் கூடப்பொறந்தவ பொண்ணத்தான் கட்டுனாராம். இவரால சோத்தக்கூட ஒழுங்கா மெல்ல முடியலையாம். புள்ள இல்லாமயே செத்து, அந்த வம்சமே அத்துப்போச்சாம். யூடியூப்ல பாத்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல. எங்க புள்ளயும் இப்படி ஆயிருமா?"

நிரூபா அதை 'நான்' என்றே சொல்லவேண்டும், அதுதான் விதி. "எனக்குத் தூக்கம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னபோது அது அவளுடைய சொந்தக் குரலாகவே கேட்டது.

ஏஞ்சலா ஓவியத்தைக் கவனமாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அந்த வீட்டில் நடந்தது ஒரு கலியாணம் இல்லை. அரசும் நிலமும் வெளியே போகக்கூடாது என்று இருநூறு வருடம் அதையே செய்தார்கள். மாமனுக்கு மருமகள், மச்சானுக்கு மச்சாள், அவர்களுடைய பிள்ளைகளுக்குத் திரும்ப அதே வீட்டில். மேலே தேடிப் போனால் வேறு வேறு ஆட்கள் வரவேண்டிய இடங்களில் அதே ஆட்களே திரும்பத் திரும்ப வருவார்கள். உங்களுடையது அப்படி இல்லை. சாதாரணமாக நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிறவியில் ஏதாவது குறை இருக்கும். மச்சான் மச்சாள் கட்டினால் அது ஐந்தோ ஆறோ ஆகலாம். உங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கிறார்கள்."

ஐந்தோ ஆறோ என்றது நிரூபாவின் கணக்கு. சொன்னாள்.

"சரி, இப்போது நல்லாய் யோசித்துச் சொல்லுங்கள்" என்றாள் ஏஞ்சலா. "இரண்டு பக்கத்திலும் பிறந்து ஒரு வருடத்துக்குள் செத்துப்போன பிள்ளைகள் யாராவது? காய்ச்சல், விபத்து, சண்டை, எந்தக் காரணம் சொல்லப்பட்டாலும் சரி. சில வேளை சொல்லப்படுகிற காரணம் உண்மையான காரணமாக இருக்காது."

நிரூபா அதைச் சொல்லி முடித்தாள். ஹரிப்ரியா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். ஆனால் நிரூபாவின் காதுக்குள் வேறொரு வீட்டுக் கதை ஓடியது. மகேஸ்வரன் மாமாவுக்கு வாகீசனுக்கு முன்னம் ஒரு பெண்பிள்ளை இருந்தது. எண்பத்தேழாம் ஆண்டு ஊரடங்கில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் செத்தது. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டு வந்தது அவ்வளவுதான். சண்டைக் காலத்துச் சாவுகளில் ஒன்று. அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. ஊரடங்கு என்ற சொல்லே போதுமாயிருந்தது.

ஏஞ்சலா தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். இன்ன இரத்தப் பரிசோதனை, இன்ன திகதி. நிரூபா தமிழில் பின்னாலேயே போனாள். ஏஞ்சலா நிறுத்தினாள். நிரூபாவும் நிறுத்தினாள். அறை அமைதியாக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, கடைசி இரண்டு வசனங்களைத் தான் சொல்லாமல் விட்டது. காதில் விழுந்தவைதான். வாய் திறக்கவில்லை.

ஏஞ்சலா அவளைப் பார்த்தாள். "நான் சொன்னது கொஞ்சம் நீளம் போல."

ஒன்பது வருடத்தில் இது முதல் தடவை. நிரூபா மடியில் கைகளைக் கோத்துப் பிடித்தாள். "மொழிபெயர்ப்பாளர் ஒரு பகுதியை விட்டுவிட்டார், இப்போது சொல்கிறார்" என்று விதிப்படி தன்னை மூன்றாம் ஆளாக வைத்து ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கொள்ளுங்க. இவங்க சொன்னது: சில பேர் வெக்கப்பட்டு உறவை மறைச்சுப்போடுறாங்க. மறைச்சா எதைத் தேடுறதுன்னு எங்களுக்குத் தெரியாது. தேடாம விட்டது பிள்ளைக்கு வந்தா, பிறகு காலம் கடந்துபோயிருக்கும்."

"அய்யோ, மறைச்சு என்னங்க பண்ணப்போறோம்" என்றாள் ஹரிப்ரியா. பிறகு நிரூபாவின் முகத்தைப் பார்த்து, வெகு இயல்பாக, "ஏங்க்கா, உங்க ஊர்லயும் சொந்தத்துலதான் கட்டுவீங்களா? நீங்க யாரக் கட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அறையில் பேசப்படுகிற எல்லாவற்றையும் சொல்லவேண்டும். இதுவும் விதி. நிரூபா ஆங்கிலத்தில் சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளரின் ஊரிலும் உறவுக்குள் கட்டுவார்களா, அவர் யாரைக் கட்டியிருக்கிறார் என்று கேட்கிறார்."

"அதற்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை" என்றாள் ஏஞ்சலா மெதுவாக. ஆனால் அவள் கண் நிரூபாவின் கழற்றாத கோட்டில் ஒரு கணம் தங்கிப் போனதை நிரூபா கண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவள் பெட்டியைத் திறக்கவில்லை. ஃபோனில் அந்த ஸ்பெயின் அரச வம்சத்தைத் தேடினாள். பதினொரு கலியாணத்தில் ஒன்பது உறவுக்குள் என்று போட்டிருந்தது. அரசனின் தாடையில் அவளுக்கு அக்கறை இல்லை. வம்ச மரத்தின் அடியில் தொங்கிக்கொண்டிருந்த சின்னப் பெயர்களைத்தான் பார்த்தாள். ஒருவருக்கும் நினைவில்லாத குழந்தைகள். பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் ஒன்றாயிருந்தவர்கள். முப்பத்துநான்கு பிள்ளைகளில் பாதிப்பேர் பத்து வயதைக் காணவில்லையாம். அரண்மனையில், அரச வைத்தியர்களுக்கு நடுவில்.

குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் அவள் தன்னுடையதைக் கீறினாள். தானும் வாகீசனும்: இரட்டைக் கோடு. மேலே மாமாவும் மாமியும். மாமி, மாமாவின் சொந்த மாமி மகள். இரட்டைக் கோடு. அதற்கும் மேலே அம்மப்பாவும் அம்மம்மாவும். காணி வெளியில போகக்கூடாது எண்டு கட்டி வைச்சது என்று அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. மூன்றாவது இரட்டைக் கோடு. பென்சில் அதற்கு மேல் ஏறவில்லை. தாளைச் சுக்குநூறாகக் கிழித்து வெவ்வேறு குப்பைத் தொட்டிகளில் போட்டாள்.

வோபர்னில் அவர்களின் வீட்டுக்கு முன்னால், நாலரை மணிக்கு, மகேஸ்வரன் மாமா பனி தள்ளிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. மாமி காலமான பிறகு அவர்களோடுதான் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார், மற்றவர்கள் எழும்ப முன்னம் காரின் கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டி வைப்பார். அப்படியான மனிதர்.

"குளிருக்க நிக்காதை பிள்ளை, உள்ளுக்குப் போ."

அவள் போகவில்லை. பஸ்சில் வரும்போது பலவிதமாகச் சுற்றிவளைத்துக் கேட்கப் பழகியிருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"மாமா, நிலாணிக்கு என்ன வருத்தம்?"

ஷவல் பனிக்குள் அப்படியே நின்றது. அம்மா எப்போதோ சொன்ன, செத்த பிள்ளையின் அந்தப் பெயரை அவள் ஒருநாளும் அவர் முன்னால் சொன்னதில்லை. அந்த வீட்டில் ஒருவருமே சொன்னதில்லை.

"ஏன் கேக்கிறாய்?"

"எனக்குப் பயமாய்க் கிடக்கு மாமா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றை. ஷவலைச் சுவரோடு சாத்திவிட்டு, கையுறையைக் கழற்றாமலே படியில் குந்தினார்.

"வருத்தம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சோர்வு எண்டுதான் சொன்னவை. ஆறு மாசமாச்சு, தலை நிக்கேல்லை. எட்டு மாசமாச்சு, அப்பவும் இல்லை. தூக்கினா தோளில வந்து சரிவாள். கால் ரெண்டும் விரிஞ்சபடியே கிடக்கும், உதைக்கமாட்டாள். அழுதா சத்தம் வராது. வயித்தாலதான் மூச்சு எடுப்பாள். ஆனா அந்தக் கண்... நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வரும். சிரிச்சபடியே கிடப்பாள். பரியாரி எண்ணெய் தந்தார், பூசினம். சில பிள்ளையள் பிந்தித்தான் எழும்பும் எண்டினம்."

நிரூபாவும் பக்கத்தில் குந்தினாள்.

"அண்டைக்குத் தடிமன், மூக்கடைப்பு. குடிச்ச பால் புரைக்கேறிப் போச்சு. நீலம் பாரிச்சிட்டுது. நான் சைக்கிளில வைச்சுக்கொண்டு சந்திவரைக்கும் போனனான். ஊரடங்கு. சென்றியில நிண்ட ஆமிக்காரன் திரும்பிப் போ எண்டு கையைக் காட்டினான். நான் திரும்பினன்." கையுறையால் படியில் கிடந்த பனியை ஒதுக்கினார். "கோயில் ஒழுங்கையால போயிருக்கலாம் பிள்ளை. வளவுக்குள்ளால விழுந்து விழுந்தெண்டாலும் போயிருக்கலாம். நான் சுட்டுப்போடுவாங்கள் எண்டு பயந்திட்டன். வீட்ட வந்து ஒரு மணித்தியாலம் இருக்காது."

அவள் அவருடைய கையைப் பிடிக்க நினைத்தாள். முடியவில்லை. தலை நிக்கேல்லை, உதைக்கமாட்டாள் என்ற இரண்டும் அவளுடைய வயிற்றுக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தன.

மிசிசாகாவில் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் பிரிவில் வேலை செய்கிற வாகீசன் ஆறு மணிக்கு வந்தான். அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். படிவத்தில் போட்ட சரியையும் சொன்னாள்.

"நீ ஏன் நிரூ பொய் எழுதினனி?"

"வெக்கத்தில."

"என்னைக் கட்டினதில வெக்கமோ?"

"உது இல்லை வாகி. அவை பாக்கிற பார்வை."

அவன் கோபப்படப் பார்த்தான். "எங்கட சொந்தத்தில எல்லாரும் இப்பிடித்தானே கட்டியிருக்கினம். எத்தினை பிள்ளையள் நல்லாய் இருக்கு. ஒரு பிள்ளை சண்டைக்க செத்தது எண்டதுக்காக..." என்று தொடங்கினான். வசனம் முடியவில்லை. தமக்கையைப் பற்றி அவனுக்கும் ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. கட்டிலில் இருந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். "தலை நிக்கேல்லை எண்டு அப்பா சொன்னவரோ?"

"ஓம்."

"எட்டு மாசத்திலயுமோ?"

"ஓம்."

பக்கத்து அறையில் மாமா ரீவியைப் போட்டார். உடனே நிறுத்தினார்.

அடுத்தநாள் காலை எட்டு மணிக்கு நிரூபா மரபணுப் பிரிவின் கதவுக்கு முன்னால் நின்றாள். கழுத்தில் வேலை அட்டை இல்லை. ஏஞ்சலா திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கும் வரை காத்திருந்து, ஆங்கிலத்தில், ஒரே மூச்சில் சொன்னாள்: "நான் பன்னிரண்டு கிழமை. என்னுடைய கணவர் என் அம்மாவின் சகோதரனுடைய மகன். படிவத்தில் பொய் எழுதினேன்." வேலையிடத்தில் ஒருநாளும் சொல்லாத வசனம் அது. சொல்லி முடித்த பிறகு ஏஞ்சலாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவளுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளே வாருங்கள். கோட்டைக் கழற்றுங்கள்" என்றாள் ஏஞ்சலா.

நிலாணியைப் பற்றிக் கேட்டபோது ஏஞ்சலா பலதரம் குறுக்கே கேட்டாள். நாக்கு நடுங்கியதா? தெரியாது. வயிற்றால் மூச்சு எடுத்தாளா? ஓம். கண் உயிர்ப்பாக இருந்ததா? ஓம், ஓம். ஏஞ்சலா பென்சிலைக் கீழே வைத்தாள். "பார்க்காத பிள்ளையைப் பற்றி உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் முதுகுத்தண்டிலிருந்து தசைகளுக்குப் போகிற நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகிற ஒரு வருத்தம் இருக்கிறது. தாய் தகப்பன் இருவரிடமும் அந்தப் பிழையான மரபணு ஒவ்வொன்று இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. தனக்கு இருக்கிறதே தெரியாது. உங்கள் இருவரிடமும் இருந்தால், நாலில் ஒரு பங்கு."

"ஸ்கானில் தெரியுமா?"

"தெரியாது. இரத்தம் எடுக்கவேண்டும். முடிவு வர இரண்டு மூன்று கிழமை. இன்னொன்றையும் கேளுங்கள்: இப்போது இதற்கு மருந்து இருக்கிறது. பிறந்தவுடன் தொடங்கினால் பெரிய வித்தியாசம். அதனால்தான் முன்னமே தெரியவேண்டும்."

அந்த மூன்று கிழமையும் நிரூபா எப்படி வேலைக்குப் போனாள், எப்படி வந்தாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. இடையில் ஸ்கான் வந்தது. இருட்டறையில், திரையில், பிள்ளை ஒரு காலைத் தூக்கி உதைத்தது. வாகீசன் "பார், பார்" என்று அவளுடைய தோளை உலுக்கினான். அவள் பார்த்தாள். அழுதாள். அது சந்தோசத்தில் என்று நினைத்து ஸ்கான் எடுத்த பெண் கடதாசிப் பெட்டியை நீட்டினாள். நிலாணியும் மாமியின் வயிற்றுக்குள் உதைத்திருப்பாள்தானே என்றுதான் நிரூபாவின் மனம் ஓடியது. பஸ்சில், கடையில், யாராவது தோளில் குழந்தையை வைத்திருந்தால் அவள் கண் நேரே அதன் கழுத்துக்குப் போகும். அஜின்கோர்ட்டில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் ஹரிப்ரியாவைக் கண்டாள். "எங்களுக்கு ரிப்போர்ட் வந்துருச்சுக்கா, ஒண்ணுமில்லையாம். மாமா இப்பத்தான் தூங்குறாரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிரூபா நல்லது, நல்லது என்றாள். அந்தச் சந்தோசத்தின் மேல் தனக்கு எரிச்சல் வந்ததை நினைத்து வீடுவரைக்கும் தன்னையே வெறுத்துக்கொண்டு போனாள்.

ஒரு புதன்கிழமை ஏஞ்சலா ஃபோனில் அழைத்தாள். வாகீசனுடைய முடிவு வந்துவிட்டது. அவனிடம் அந்த மரபணு இருக்கிறது. நிரூபாவினது இன்னும் வரவில்லை.

அதுவரை அது ஒரு கதையாக இருந்தது. மாமா படியில் குந்திச் சொன்ன பழைய கதை. இப்போது அது வாகீசனின் உடம்புக்குள் இருந்தது. அவன் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான், அதில் எங்கேயோ எழுதியிருக்கிறது போல. அவள் அவனைவிட்டு ஒரு அங்குலம் தள்ளிப் படுத்தாள். பிறகு அது தெரிந்து, திரும்ப நெருங்கினாள். அம்மாவின் அழைப்பு வந்தபோது மறுமொழி சொல்லவில்லை. அம்மாவின் இரத்தம்தானே தன்னிடமும். மாமாவுக்கு வந்தது தங்கைக்கு வராமலா விட்டிருக்கும்?

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ஒரு வருத்தக்காரரின் அறைக்குள் போக இருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. படிக்கட்டுப் பக்கம் போய், கதவு சாத்தும்வரை பொறுத்து எடுத்தாள்.

"உங்களிடம் இல்லை" என்றாள் ஏஞ்சலா முதல் சொல்லாகவே. பிறகுதான் வணக்கம் சொன்னாள். "நூற்றுக்கு நூறு என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. பிறந்தவுடன் குதிக்காலில் குத்தி எடுக்கும் இரத்தத்திலும் பார்ப்பார்கள். ஆனால் நீங்கள் இனித் தூங்கலாம்."

நிரூபா சுவரைப் பிடித்தபடி படியில் இருந்தாள். கீழே யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. எழும்ப முடியவில்லை. வந்த தாதி ஒருத்தி "என்ன, சுகமில்லையா?" என்று கேட்டாள். "சுகம்" என்றாள். அந்தச் சொல்லே பல்லில் பட்டுக் கிடுகிடுத்தது. ஆவணியில் பிறந்த பெண்பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பயம் உடம்பைவிட்டுப் போகப் பல நாள் எடுத்தது.

இன்னொரு வேலை மிச்சமிருந்தது. சனிக்கிழமை காலை, வாகீசனும் அவளும் சேர்ந்து மாமாவுக்குச் சொன்னார்கள். வாகீசனிடம் அது இருப்பதால் மாமாவிடமும் மாமியிடமும் அது இருந்திருக்கவே வேண்டும் என்று சொல்லமுடியாது, ஆனால் நிலாணி இருந்த விதத்தைப் பார்த்தால் அப்படித்தான் என்று ஏஞ்சலா நினைக்கிறாள் என்றார்கள். அவர் மேசையில் கையூன்றி, குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, அண்டைக்கு நான் ஒழுங்கையால போயிருந்தாலும்?"

"போயிருந்தாலும் மாமா. அந்த நேரம் உலகத்தில ஒரு இடத்திலயும் அதுக்கு மருந்து இல்லை. அண்டைக்குத் தப்பியிருந்தாலும் கன நாள் இருந்திருக்கமாட்டா."

அவர் அழுவார் என்று நிரூபா நினைத்தாள். அவர் அழவில்லை. முகத்தில் ஆறுதல் வந்த மாதிரியும் தெரியவில்லை.

"முப்பத்தேழு வருசம்" என்றார். "சென்றிக்காரன்ர கை கனவில வரும். இப்ப நீங்கள் என்ர இரத்தம் எண்டுறியள். எது நல்லது எண்டு எனக்கு விளங்கேல்லை."

"இது ஒருத்தற்ற பிழையும் இல்லை அப்பா" என்றான் வாகீசன்.

"அது சரி." அவர் எழும்பி ஜன்னல் வரைக்கும் போய் நின்றார். பிறகு திரும்பி, "சின்னவன்ர மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கினம், தெரியுமே?" என்றார்.

சின்னவன் என்பது அவருடைய கடைசித் தம்பி, பாரிசில் இருக்கிறார். நிரூபாவுக்குத் தெரியும். மாப்பிள்ளை நோர்வேயில், மாமியின் தம்பி மகன். சண்டை எல்லாரையும் ஒவ்வொரு நாட்டுக்குத் துரத்தியிருந்தது. பாரிஸ், ஒஸ்லோ, சூரிச், லண்டன் என்று சிதறிப்போன பிறகும், கலியாணம் என்று வந்தால் எல்லை கடந்து அதே நாலு வீட்டுக்குள்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் தேடினார்கள். தெரிந்த இடம், பயமில்லை என்று.

"என்ர பக்கமும் அவவின்ர பக்கமும்" என்றார் மாமா. "ரெண்டும் திரும்பவும் சேரப்போகுது."

"நான் அவைக்கு ஒரு மெசேஜ் போட்டு விடுறன் மாமா. டொக்டர் சொன்னதை எழுதி."

"வேண்டாம். உது எழுதிற விசயம் இல்லை. சின்னவன் குழம்பிப்போவான். கோபிக்கவும் கூடும், கலியாணத்தைக் குழப்புறன் எண்டு. நான்தான் சொல்லவேணும்."

ஃபோனைக் கையில் எடுத்தார். கண்ணாடியைப் போட்டு, எண்ணைத் தேடி, அழுத்தினார். அங்கே பின்னேரமாக இருக்கும். மணி போய்க்கொண்டே இருந்தது; எடுக்கமாட்டார்களோ என்று நிரூபா ஒரு கணம் ஆறுதலாகக்கூட நினைத்தாள். அப்போது எடுத்தார்கள். பின்னணியில் யாரோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது.

"சின்னவன், பெரியண்ணை கதைக்கிறன். ஓம், சுகம், சுகம். சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு அங்கால தனிய வா. ஒரு விசயம் சொல்லவேணும்." அவர் வாகீசனையும் நிரூபாவையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். "எனக்கொரு மகள் இருந்தவள் எல்லே. நிலாணி. அவளைப் பற்றித்தான்."